பிள்ளைகளுக்குப் பின்னால் கட்டிய சேலை

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்தாள். புதிதாகச் சேர்ந்தவளாம். குரலில் இருந்த மரியாதையைக் கேட்டு நான் பயந்தே போனேன். இளைப்பாறிய பிறகு அவ்வளவு மரியாதையோடு எனக்கு வருகிற அழைப்பெல்லாம் ஏதாவது விற்கிற அழைப்பாகத்தான் இருக்கும்.

"அக்கா, எங்கட கைநூலிலை பந்து தெரிவு செய்யிற பகுதியிலை, வெளிச்சம் கூடின இடத்திலை பீற்றூட் பாவிக்கலாம் எண்டு கிடக்கு. இது அச்சுப் பிழையோ அக்கா?"

"இல்லைப் பிள்ளை. பீற்றூட்தான்."

"ஏன் அக்கா பீற்றூட்?"

"அது வாயாலை சொல்லி முடியாது. எழுதி அனுப்புறன்" என்று சொல்லித் தப்பினேன். எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. இடையில் யாரும் குறுக்கே கேள்வி கேட்க ஏலாது.

தீவுப் பகுதிப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சுகாதாரம் சொல்லிக் கொடுக்கிற ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் பதினான்கு வருடம் வேலை செய்தேன். எங்கள் குழுவில் இரண்டே பேர். ஒருவர் கனகசபை மாஸ்ரர், வேலணை ஆள், விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றது நான், ஊர்காவற்றுறை கடற்கரைக்காரி. அவர் மூன்று பந்தை மாறி மாறி எறிந்து பிடிப்பார். அலுவலகத் தாள்களில் அதற்கு ஜக்லிங் என்று பெயர். எங்கள் ஒழுங்கையில் அதற்கு, "யசிந்தா அரசாங்கத்துக்கு அம்மானை ஆடப் போறாளாம்" என்று பெயர். நாங்கள் அரசாங்கம் இல்லை என்று விளங்கப்படுத்தவே எனக்கு இரண்டு வருடம் போனது.

முதற் பந்து, கை கழுவுதல். இரண்டாவது, கொதித்தாறிய தண்ணீர். மூன்றாவது, கடிக்கிற நுளம்பு பெருகாமல் வளவைத் துப்புரவாக வைத்திருத்தல். மாஸ்ரர் எறிய எறிய நான் ஒலிவாங்கியில் சொல்லிக்கொண்டு வருவேன். "மூண்டும் மேலை நிக்க வேணும் பிள்ளையள். ஒண்டு விழுந்தா வீட்டிலை ஒராள் விழுந்ததுக்குச் சமன்." இந்த வசனத்தை எழுதியது நான்தான். எழுதியபோது மெத்தப் பெருமையாக இருந்தது. பந்து விழுகிற நாளில் அதை என்ன செய்வது என்று அப்போது யோசிக்கவில்லை.

எனக்கும் எறியத் தெரிந்திருக்க வேண்டும் என்றார் மாஸ்ரர். பழகினேன். நெற்றி வீங்கியது, குசினியில் இரண்டு கோப்பை உடைந்தது, என் மனுசன் ஒரு கிழமை கொல்லைப் பக்கமாக வீட்டுக்குள் வந்து போனார். பயிற்சிக் காலம் பற்றி அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

பந்து தெரிவு செய்கிற கதைக்குத்தான் நேரம் வேண்டும். அலுவலகம் முதலில் அனுப்பியது வெறும் ரெனிஸ் பந்து. பாரம் இல்லை, கையில் விழுந்தால் துள்ளும், நிலத்தில் விழுந்தால் கடல் வரைக்கும் உருளும். நெடுந்தீவில் ஒரு பந்துக்குப் பின்னால் அரை மைல் ஓடினேன். எனக்கு முன்னால் ஒரு ஆடு ஓடியது. ஆடு வென்றது. பிறகு துணியில் சின்னப் பைகள் தைத்துப் பயறு போட்டோம். அது நல்ல பந்து, விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் அனலைதீவுக்குப் போன படகில் கடல் தண்ணீர் அடித்து நனைந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. மழைத் தண்ணீரும் சேர்ந்திருக்க வேண்டும். நாலாம் நாள் பெட்டியைத் திறந்தால் கை கழுவுதல் முளைத்திருந்தது. மாஸ்ரர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "போசாக்குக்குத் தனிப் பந்து தேவையில்லைக் காணும்" என்றார்.

கடைசியில் அவரே ஒரு முறையைக் கண்டுபிடித்தார். ரெனிஸ் பந்தைக் கத்தியால் கீறி, உள்ளே குரக்கன் தானியம் போட்டு, சைக்கிள் ரியூப் துண்டால் ஒட்டி, மேலே மஞ்சள் துணி இழுத்துத் தைப்பது. தைப்பது நான். குரக்கன் போடுவது அவர். மூன்றையும் கடைத் தராசில் வைத்துப் பார்ப்பார். முள் ஒரு மயிரளவு சாய்ந்தாலும் தையலைப் பிரிக்கச் சொல்வார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டுவார். நான் அதை ஒரு பெரிய நிபுணத்துவம் என்று நினைத்தேன். "ஏன் மாஸ்ரர் காதிலை வைக்கிறியள்?" என்று ஒரு தரம் கேட்டேன். "பந்து ஏதும் சொல்லுதோ எண்டு பாக்கிறன்" என்றார். அவர் எப்போது பகிடி விடுகிறார், எப்போது உண்மை சொல்கிறார் என்று கண்டுபிடிக்க ஏலாது. முகம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இனி இடம் தெரிவு செய்வது. இது கைநூலில் இரண்டு பக்கம் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனால் மாஸ்ரர் முதலில் அதிபரோடு கதைக்க மாட்டார். குடையை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு வளவை ஒரு தரம் சுற்றுவார். சுவர், மரம், கிணறு எல்லாவற்றையும் நின்று பார்ப்பார். பிறகு குடையால் நிலத்தில் ஒரு குத்து. "இஞ்ச." அந்த இடத்தில்தான் நிகழ்ச்சி. அதிபர் மண்டபத்தில் கதிரை அடுக்கி வைத்திருந்தாலும் சரிதான், மாலை வாங்கி வைத்திருந்தாலும் சரிதான்.

அவருடைய கணக்கு இதுதான். எறிகிறவன் கையைப் பார்ப்பதில்லை, பந்து ஏறி நின்று திரும்புகிற உச்சியைத்தான் பார்க்கிறான். அப்படியானால் அந்த உச்சிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். அது ஒரே நிறமாக, அசையாமல், இருட்டாக இருக்க வேண்டும். சுழல்கிற மின்விசிறி ஆகாது. காற்றில் ஆடுகிற வடலிப் பனை ஆகாது. நிறம் நிறமாய்ச் சிலை வைத்த கோபுரம் முன்னால் இருந்தால் பந்து சிலைகளுக்குள் போய் ஒளித்துவிடும். வெள்ளைச் சுவர் மெத்த மோசம். வெறும் வானம் அதைவிட மோசம். இதெல்லாம் நூற்றுக்கு நூறு சரி. ஜக்லிங் பழகுகிற எவரையும் கேட்டுப் பாருங்கள்.

இருட்டான பின்னணி கிடைக்காத இடத்துக்கென்று அவரிடம் ஒரு கருநீலச் சேலை இருந்தது. மனைவியுடையது. மனைவிக்குத் தெரியாது. உலகத்தில் எல்லோரும் திரையை ஆடுகிறவருக்குப் பின்னால்தான் கட்டுவார்கள். மாஸ்ரர் பார்க்கிறவர்களுக்குப் பின்னால் கட்டுவார். இரண்டு தடி நட்டு, பிள்ளைகளின் தலைக்கு மேலே உயரமாக. பிள்ளைகள் நிகழ்ச்சி பின்னால்தான் நடக்கப் போகிறது என்று நினைத்து எல்லோரும் திரும்பி உட்காருவார்கள். அவர்களை முன்பக்கம் திருப்புவது என் முதல் வேலை. சம்பளத்தில் பாதி அதற்குத்தான் தந்தார்கள் என்று நினைக்கிறேன்.

வருடம் போகப் போக மாஸ்ரரின் பகிடி கூடிக்கொண்டே வந்தது. ஒரு நாள் அனலைதீவில், "உந்தத் தம்பி ஏன் நிக்கிறார், இருக்கச் சொல்லும்" என்றார். அவர் காட்டியது வெள்ளை அடித்த ஒரு கம்பம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாஸ்ரரும் சிரித்தார். இன்னொரு நாள் இறங்குதுறையில் என் மனுசனை "வணக்கம் சிஸ்ரர்" என்றார். மனுசன் வெள்ளைச் சாரத்தோடு நின்றவர். அதற்கும் சிரித்தேன். இவ்வளவு சிரித்ததை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த வருடம் ஒரு கதை அடிபட்டது. இனி ஆட்களை அனுப்பத் தேவையில்லையாம், பெரிய திரையில் படம் போட்டுக் காட்டினால் போதுமாம். மாஸ்ரரின் ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்கப்படுவது. வயதும் அறுபத்தெட்டு. கொழும்பிலிருந்து ஒரு திட்ட அதிகாரி வருவார், ஒரே ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்பார், அதை வைத்து முடிவெடுப்பார் என்றார்கள். எழுவைதீவுக்கு நாள் குறித்தார்கள்.

அதிகாரி இளம் ஆள், நல்ல மனிதர், படகில் வாந்தி எடுத்ததைத் தவிர ஒரு குறையும் சொல்ல ஏலாது. கூட ஒரு படப்பிடிப்பாளர். மாஸ்ரர் வழக்கம் போல வளவைச் சுற்றி, குடையால் குத்தி, சேலையைக் கட்டி முடித்துவிட்டார்.

அதிகாரி சேலையைப் பார்த்தார். "இது ஏன் பிள்ளைகளுக்குப் பின்னால் இருக்குது?"

"பிள்ளையள் ஓடாமல் இருக்க" என்றார் மாஸ்ரர்.

அதிகாரி சிரித்தார். ஆனால் சேலையைக் கழற்றச் சொன்னார். படத்துக்கு நிறுவனத்தின் பதாகை மாஸ்ரருக்குப் பின்னால், பள்ளிச் சுவரில் தெரிய வேண்டுமாம். பிள்ளைகள் கடலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டுமாம். காலை பத்து மணி. மாஸ்ரருக்கு முன்னால் கிழக்குக் கடலும் வானமும் ஒன்றாகச் சேர்ந்து தகரம் போல மின்னிக்கொண்டிருந்தன. எனக்கே கண் கூசியது.

"சும்மா ஒரு தரம் எறிஞ்சு பாப்பம்" என்றார் மாஸ்ரர். எறிந்தார். முதற் பந்து விழுந்தது. இரண்டாந்தரம் எறிந்தார். அவருடைய வலது கை பந்து இல்லாத இடத்தில் போய்க் காற்றைப் பொத்திப் பிடித்தது. பந்து அவருடைய தோளில் பட்டு விழுந்தது.

"காத்து" என்றார்.

பள்ளிக்கூடக் கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. ஓர் இலை ஆடவில்லை. நான் பந்தைப் பொறுக்கிக்கொண்டு அவருக்குக் கிட்டப் போனேன்.

"மாஸ்ரர், மெய்யைச் சொல்லுங்கோ. எத்தினை பந்து தெரியுது?"

"எண்ணிற அளவுக்கு ஒண்டும் தெரியேல்லை."

"எவ்வளவு காலமா?"

"கன காலம்." அப்போதும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "கண்ணுக்குள்ளை பால் ஊத்தினது மாதிரி. இருட்டுக்கு முன்னாலை மஞ்சள் எண்டா ஒரு மாதிரித் தெரியும். வெளிச்சத்துக்கை ஏலாது. அதிகாரியிட்டைச் சொல்லாதையும் காணும். இந்த வேலையும் இல்லாட்டி நான் வீட்டிலை ஒரு மூலை."

கம்பத்தைத் தம்பி என்றது பகிடி இல்லை என்று எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. அழுவதற்கு நேரமில்லை. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எறியலாம்தான். ஆனால் அவர் பார்க்க வந்தது மாஸ்ரரை. வெளிச்சத்துக்கு முன்னால் மஞ்சள் தெரியாது என்றால் கறுப்புத் தெரியும். கறுப்பாக, உருண்டையாக, ஒரே பாரமாக மூன்று சாமான் வேண்டும். பள்ளிக்கூடக் குசினிக்குள் ஓடினேன்.

அங்கே பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு கடகம் நிறையப் பீற்றூட் இருந்தது. சமைக்கிற புஷ்பம் அக்கா கத்தியோடு உட்கார்ந்திருந்தா.

"அக்கா, மூண்டு பீற்றூட் தாங்கோ."

"என்னத்துக்கு?"

"எறியிறதுக்கு."

"ஆருக்கு?" என்றா அக்கா, கொஞ்சம் ஆவலோடு.

விளங்கப்படுத்த நேரமில்லை. ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தேன். மாஸ்ரர் தராசு முள்ளைப் பார்த்துப் பார்த்து என் கையையும் தராசாக்கி வைத்திருந்தார். பதினேழாவதோ பதினெட்டாவதோ பார்த்தபோது மூன்று சரி வந்தன. தண்டை ஒட்ட நறுக்கிக்கொண்டு ஓடினேன். "கறிக்குத் திருப்பித் தர வேணும்!" என்று அக்கா பின்னால் கத்தினா.

மாஸ்ரர் ஒன்றை மேலே எறிந்தார், பிடித்தார். என்னைப் பார்த்தார். பிறகு மூன்றையும் எடுத்தார். அன்றைக்கு எறிந்தது போல அவர் ஒரு நாளும் எறிந்ததில்லை. மின்னுகிற கடலுக்கு முன்னால் மூன்று கறுத்த உருண்டை ஏறி ஏறி இறங்கின. பிள்ளைகள் கத்தினார்கள். "கறி பறக்குது!" என்று ஒருத்தி எழும்பி நின்றாள். ஒலிவாங்கியில் நான் கை கழுவுதலை விட்டுவிட்டு மரக்கறி, இரத்தம், இரும்புச் சத்து என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நறுக்கிய இடத்தால் சாறு தெறித்து மாஸ்ரரின் வெள்ளைச் சேட்டு முழுக்கச் சிவப்புப் புள்ளி. ஒன்றுகூட விழவில்லை.

அதிகாரி கை தட்டினார். "உள்ளூர்ப் பொருள், போசாக்குச் செய்தி, செலவும் இல்லை. இது திட்டமிட்டுச் செய்ததா?"

"ஓம்" என்றார் மாஸ்ரர். "மூண்டு மாதத் திட்டம்."

அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார். அது கைநூலுக்கு வந்த வழி இதுதான். மாஸ்ரரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதோடு மற்ற மாவட்டக் குழுக்களுக்கும் அவரே பயிற்சி கொடுக்க வேண்டும் என்று கடிதம் வந்தது.

திரும்பி வருகிற படகில் மாஸ்ரருக்கு ஒரே சந்தோசம். "ஒவ்வொண்டும் தார் உருண்டை மாதிரித் தெரிஞ்சுது காணும்" என்றார். எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இந்தக் கண்ணோடுதான் இவ்வளவு காலமும் பாசி பிடித்த இறங்குதுறைப் படிகளிலும் படகு விளிம்பிலும் ஏறி இறங்கியிருக்கிறார். ஒரு நாள் என் கண்ணுக்கு முன்னால் கடலில் விழுந்திருப்பார், அதையும் பகிடி என்று நான் சிரித்திருப்பேன்.

"தெரியாமல் எப்பிடிப் பிடிச்சனீங்கள் இவ்வளவு நாளும்?"

"பாதி சேலை, பாதி சத்தம். கையிலை விழேக்கை சத்தம் வரும். அதை எண்ணிக்கொண்டு எறிவன். குரக்கன் வேறை என்னத்துக்குப் போட்டனான்?"

"அடுத்த கிழமை கண் கிளினிக்குக்கு வாறியள். இல்லையெண்டா அலுவலகத்திலை என்ர வாயைத் திறப்பன்."

"நீர் திறக்க மாட்டீர்."

"என்ர வாய்க்குத்தான் அவையள் சம்பளம் தாறவை" என்றேன். "சரி, வாறன்" என்றார்.

ஆனால் ஒவ்வொரு கிழமையும் ஒரு சாட்டு இருந்தது. முதற் கிழமை தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டுமாம். இரண்டாம் கிழமை கந்தசஷ்டி விரதமாம். நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார். விசாரித்தால் கந்தசஷ்டிக்கு இன்னும் நாலு மாதம் கிடந்தது. மூன்றாம் கிழமை நானே வீட்டுக்குப் போய் அவருடைய மனைவியிடம் கண் விசயத்தையும் சேலை விசயத்தையும் சேர்த்துச் சொன்னேன். அன்றைக்கே புறப்பட்டார். கண்ணுக்காகவா சேலைக்காகவா என்று தெரியாது.

சத்திரசிகிச்சைக்குக் கூப்பிடுமட்டும் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தோம். "வெட்டேக்கை டொக்டருக்குத் தும்மல் வந்தா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. அவர் கை குடையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று பந்தைக் குருட்டாட்டில் பிடித்த கை. எனக்கு அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டேன், அவருக்குத் தெரியாதுதானே. "மூக்கை உறிஞ்சிற சத்தம் கேக்குது காணும்" என்றார்.

இரண்டு கண்ணும் முடிய ஐந்து மாதம் ஆனது. அதுவரை பந்து எறிந்தது நான். திரும்பி வேலைக்கு வந்த நாள் நயினாதீவில் நிகழ்ச்சி. முதலில் என்னை எறியச் சொல்லிப் பார்த்தார்.

"உம்மடை இடக்கை ஒரு அடி உயரம் குறைச்சு எறியுது. இவ்வளவு காலமும் நான் உமக்கு அருமை அருமை எண்டு சொன்னனானே?"

"ஓம், சொன்னனீங்கள்."

"சத்தம் அருமையாத்தான் இருந்தது" என்றார்.

அன்றைக்கு வளவைச் சுற்றவில்லை. நீலச் சேலை மனைவியின் அலுமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டிருந்தது. மைதானத்தின் நடுவில், வெறும் வானத்தின் கீழ், ஐம்பது பிள்ளைகளுக்கு முன்னால் மஞ்சள் பந்து மூன்றையும் எடுத்தார். பத்துப் பன்னிரண்டு தரம் வலு திறமாக எறிந்தார். நான் ஒலிவாங்கியில் என் பழைய வசனத்தைத் தொடங்கினேன். அப்போது அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது. கை கழுவுதல் விழுந்தது. கொதித்தாறிய தண்ணீர் விழுந்தது. மூன்றாவதும் விழுந்து உருண்டது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மாஸ்ரர் பந்தைத் தேடவில்லை. அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை" என்றார், என் பக்கம் திரும்பாமல். "உதுகள் எல்லா நாளும் இப்பிடித்தான் இருந்ததுகளோ?"

"ஓம் மாஸ்ரர். எல்லா நாளும்."

"சத்தம் கேட்டனான். முகம் இப்பிடி இருக்குமெண்டு நினைக்கேல்லை."

முன்வரிசையில் இருந்து பல்லு விழுந்த ஒரு சின்னவள் எழும்பி, ஒரு பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து அவருக்கு நீட்டினாள். அவர் அதை வாங்க மறந்து அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் நான்தான் போய் அதை வாங்கினேன்.